அரிய வகையா, அரிய பதிவா? ரோமானியப் பேரரசு வெண்கலக் காசுகளை இனங்காணும் முறை: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ரோமானியப் பேரரசின் வெண்கலக் காசு ஒன்றை ‘அரிய வகை’ எனக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் அச்சிட்ட அட்டவணை நூல்கள் தரும் அரிதுக் குறிகளையே சான்றாகக் கொள்கின்றனர். அக்குறிகள் காசு எவ்வளவு வெளியிடப்பட்டது என்பதைச் சொல்வன அல்ல. நூலாசிரியர் பார்வைக்கு எத்தனை காசுகள் வந்தன என்பதையே சொல்வன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எழும் முறையியல் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுக் காசுகளிலிருந்து சான்றுகளைக் காட்டி, அரிய வகை என்னும் கூற்று ஏற்கத்தக்கதாவதற்குரிய நிபந்தனைகளை வரையறுக்கிறது. மதுரை, கரூர்ப் பகுதிக் காசுகளின் ஆய்வுக்கு அவை எவ்வாறு பொருந்தும் என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ரோமானிய வெண்கலக் காசுகள், அரிதுக் குறி, அச்சு ஒப்பீடு, அக்கசாலைக் குறி, போலிப்படிகள், காசியல்.

முன்னுரை

காசியல் நூல்களில் மிகுதியாக ஆளப்பட்டும் போதிய அளவு வரையறுக்கப்படாத சொற்களுள் ‘அரிய’ என்பதும் ஒன்று. பொன், வெள்ளிக் காசுகளைக் காட்டிலும் வெண்கலக் காசுகளிலேயே இச்சொல்லால் விளையும் குழப்பம் மிகுதி. வெண்கலக் காசுகள் அன்றாடச் செலாவணிக்காகப் பெருந்தொகையாக அடிக்கப்பட்டவை, எளிதில் தேய்ந்தவை, மண்ணில் அரிக்கப்பட்டவை, பல பகுதிகளில் போலியாகவும் அடிக்கப்பட்டவை. இத்தகைய காசுகளில் ஓர் எழுத்தோ விண்மீன் குறியோ வேறுபட்டிருப்பதைக் கொண்டு அரிய வகை என முடிவுசெய்வது எளிது; அம்முடிவை மெய்ப்பிப்பது எளிதன்று.

‘வெண்கலக் காசு’ என்பதே ஒரு வழக்குப் பெயர்தான். பேரரசின் முற்பகுதியில் செஸ்டர்ஷியசும் டுபோண்டியசும் பித்தளையில் அடிக்கப்பட்டன. ஆஸ் செம்பில் அடிக்கப்பட்டது. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதிர்முடி சூடிய பேரரசர் உருவம் கொண்ட காசுகள் வெள்ளிக்காசின் வழித்தோன்றல்களாயினும், அவற்றில் எஞ்சிய வெள்ளி மிகச் சிறிதே. ஏறத்தாழ கி.பி. 294இல் டயோக்ளீஷியன் செய்த சீர்திருத்தத்தின் பின் அக்கசாலையையும் அதனுள் இயங்கிய பணிக்கூடத்தையும் சுட்டும் குறிகள் காசின் பின்பக்கத்தில் அடிக்கோட்டின் கீழ் முறையாக இடம்பெறலாயின. உள்வகைகள் பெருகியதற்கு இக்குறிகளே முதன்மைக் காரணம். பின்பக்கத்தின் உருவமும் வாசகமும் சேர்ந்ததை ‘வகை’ என்றும், அவ்வகைக்குள் மார்புருவம், வாசகப் பிரிப்பு, புலக்குறி, அக்கசாலைக் குறி, பணிக்கூட எழுத்து ஆகியவற்றால் வேறுபடுவதை ‘உள்வகை’ என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

அட்டவணை உருவாக்கும் அரிதுத்தன்மை

19ஆம் நூற்றாண்டில் என்றி கோயென் பிரெஞ்சு மொழியில் தொகுத்த ரோமானியப் பேரரசுக் காசு விளக்கத் தொகுதிகள் (முதற்பதிப்பு 1859–1868, இரண்டாம் பதிப்பு 1880–1892) ஒவ்வொரு பேரரசரின் காசுகளையும் பின்பக்க வாசகத்தின் அகரவரிசையில் அடுக்கின. அக்கசாலை வேறுபாடுகள் அதில் இரண்டாம் நிலையிலேயே நின்றன. காசின் அரிதுத்தன்மை பிராங்க் விலையாகக் குறிக்கப்பட்டது. சேகரிப்போர் சந்தையை அளவுகோலாகக் கொண்ட முறை அது. தன்னை அவ்வாறே வெளிப்படுத்தியும் கொண்டது.

ஹெரால்ட் மாட்டிங்லியும் எட்வர்ட் சைடன்ஹாமும் 1923இல் தொடங்கிய ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ வரிசை, காசுகளை அக்கசாலை வாரியாகவும் கால அடைவிலும் வைத்துக் காணும் முறையைப் படிப்படியாக நிலைநாட்டியது. இதன் ஏழாம் தொகுதி (1966), கி.பி. 313 முதல் 337 வரையிலான காசுகளைப் பற்றிப் பாட்ரிக் ப்ரூன் எழுதியது. ஒவ்வொரு வெளியீட்டையும் பேரரசர், மார்புருவம், பணிக்கூடம் எனப் பகுத்து, பகுப்பு ஒவ்வொன்றுக்கும் அரிதுக் குறி வழங்கியது இந்நூலின் பெருஞ்சிறப்பு. ‘ஆர் 5’ என்னும் குறி, ஆசிரியர் ஆராய்ந்த சேகரிப்புகளில் ஒரே ஒரு காசு மட்டுமே கிடைத்தது எனப் பொருள்படும். இந்த நுண்மை அறிவுலகுக்குப் பெருந்துணை செய்தது, பெருந்தடுமாற்றத்துக்கும் வழிவகுத்தது.

தடுமாற்றம் கணக்கிலேயே அடங்கியுள்ளது. ஓர் அக்கசாலையில் 10 பணிக்கூடங்கள் இயங்கின என்றும், நான்கு ஆட்சியாளர் பெயரில் ஒரே வகைக் காசு அடிக்கப்பட்டது என்றும், அதில் இரண்டு புலக்குறிகள் உள்ளன என்றும் கொள்வோம். மொத்தம் 80 உள்வகைகள் உருவாகின்றன. நூலாசிரியர் பார்த்த சேகரிப்புகளில் இவ்வகைக் காசுகள் 200 இருந்தால், உள்வகை ஒன்றுக்குச் சராசரியாக இரண்டரைக் காசுகளே வரும். அவற்றுள் பல ஒற்றைக் காசாகவும், சில முற்றிலும் கிடைக்காதனவாகவும் நிற்பது இயல்பு. இங்கே அரிதுத்தன்மை அக்கசாலை செய்ததன்று, பகுப்பு செய்தது. நான்காம் பணிக்கூடத்தின் காசு ‘ஆர் 5’ எனவும் முதற் பணிக்கூடத்தின் காசு ‘மிகப் பரவலானது’ எனவும் குறிக்கப்படும்போது, அவ்விரண்டும் ஒரே வாரத்தில் ஒரே ஆணையின்படி அடுத்தடுத்த கூடங்களில் அடிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது மறைந்துபோகிறது.

மேலும், ப்ரூன் ஆராய்ந்தவை பெரும்பாலும் பெரிய அருங்காட்சியகச் சேகரிப்புகள். அத்தகைய சேகரிப்புகள் நன்னிலையில் உள்ளனவற்றையும் வழக்கத்துக்கு மாறானவற்றையும் விரும்பித் திரட்டியவை. சாதாரணக் காசு இரண்டாம் முறை வந்தால் விட்டுவிடுபவை. ஆதலின் பரவலானது அங்கே குறைவாகவும் அரியது மிகையாகவும் பதிவாகும். ஆசிரியர் தம் எண்ணிக்கையின் அடிப்படையை மறைக்கவில்லை. அக்குறியை அதன் அடிப்படையிலிருந்து பிரித்தெடுத்து, காசின் இயல்பாகவே மேற்கோள் காட்டும் பிற்கால வழக்கமே திறனாய்வுக்கு உரியது. அமெரிக்கக் காசியல் கழகத்தின் ‘ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர்’ தரவுத்தளம் இவ்வரிசையின் எண்களையே அடிப்படை அடையாளமாகக் கொண்டிருப்பதால், பழைய பகுப்புகள் மின்வடிவிலும் தொடர்கின்றன. ஒரு வேறுபாடு அதில் இல்லை என்பது அது புதிது என்பதற்குச் சான்றாகாது. அந்நூலில் இல்லை என்பதற்கு மட்டுமே சான்றாகும்.

அக்கசாலையின் முடிவும் செதுக்குநரின் கையும்

ரோமானிய அச்சுகள் ஒவ்வொன்றும் கையால் செதுக்கப்பட்டவை. எனவே எந்த இரண்டு அச்சுகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒரு வேறுபாடு அக்கசாலையின் ஆணையால் வந்ததா, செதுக்குநரின் கையால் வந்ததா என்னும் வினாவுக்கு விடை காணாமல் உள்வகை ஒன்றை நிறுவ இயலாது.

சிஸ்கியா அக்கசாலையின் காசுகள் இதற்குத் தக்க சான்று. வெற்றித் தேவதைகள் இருவர் கேடயம் ஏந்தி நிற்கும் ‘விக்டோரியே லீட்டே பிரின்க் பெர்ப்’ வகைக் காசுகள் சிலவற்றில், முதலாம் கான்ஸ்டன்டைனின் தலைக்கவசத்தின் மேல் கிறித்துவின் பெயர்க்குறி காணப்படுகிறது. ஆன்ட்ரியாஸ் அல்ஃபோல்டி 1932இல் இதைப் பேரரசரின் சமய நிலைப்பாட்டை அறிவிக்கும் சான்றாகக் கொண்டார். ப்ரூன் 1962இல் இதை மறுத்தார். அவ்விடத்தில் பெரும்பாலான அச்சுகள் விண்மீன் போன்ற அணியையே கொண்டுள்ளன. சில அச்சுகளில் மட்டும் அது பெயர்க்குறியாக அமைந்துள்ளது. ஆகவே அது செதுக்குநர் நிலையிலான செயலேயன்றி அரசின் கொள்கை அறிவிப்பு அன்று என்பது அவர் கருத்து. காசு அரியது என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. அந்த அரிதுத்தன்மை எதைக் காட்டுகிறது என்பதிலேயே வேறுபாடு. அல்ஃபோல்டிக்கு அது நுட்பமான அறிவிப்பு. ப்ரூனுக்கு அது அறிவிப்பின்மைக்கே சான்று. பேரரசர் விரும்பிய சின்னமாயின் அது அக்கசாலையின் எல்லா அச்சுகளிலும் வந்திருக்கும் என்னும் வாதத்தின் வலிமை, அரிதுத்தன்மையை வரலாற்றுப் பொருளாக மாற்றும் முன் அச்சுகளை எண்ண வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

இதற்கு நேர்மாறான சான்று ஹன்னிபாலியனசின் காசுகள். கான்ஸ்டன்டைனின் உடன்பிறந்தாரின் மகனான இவருக்குப் பேரரசின் கிழக்கெல்லையில் அரசர் பட்டம் அளிக்கப்பட்டது. இவர் பெயரிலான சிறு வெண்கலக் காசுகள் கான்ஸ்டான்டிநோபிளில் மட்டும், 336–337 ஆண்டுகளில் அடிக்கப்பட்டன. முன்பக்க வாசகம் அவரை ‘ரெக்ஸ்’ எனக் குறிக்கிறது. பின்பக்கத்தில் யூஃபிரட்டிஸ் ஆற்றுத்தெய்வம் சாய்ந்திருக்கிறது. இங்கே பெயர், பட்டம், உருவம், ஓரிட வெளியீடு, குறுகிய காலம் ஆகிய அனைத்தும் ஒரே அரசியல் முடிவைச் சுட்டுகின்றன. 337இல் கான்ஸ்டன்டைன் இறந்ததையடுத்து நிகழ்ந்த கொலைகளில் ஹன்னிபாலியனசும் மாண்டார், காசும் நின்றது. இது பகுப்பால் விளைந்த அரிதுத்தன்மை அன்று; வரலாற்றால் விளைந்தது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை கலப்புக் காசுகள். 330 முதல் அடிக்கப்பட்ட ‘குளோரியா எக்சர்சிட்டஸ்’ வகையில் வீரர் இருவரிடையே இரண்டு படைக்கொடிகள் உள்ளன. ஏறத்தாழ 335–336இல் அவை ஒன்றாகக் குறைந்தன. காசின் எடையும் ஏறத்தாழ 2.5 கிராமிலிருந்து 1.7 கிராமுக்குத் தாழ்ந்தது. இதே காலத்தில் வெளிவந்த ‘உர்ப்ஸ் ரோமா’ முன்பக்கம் பெரும்பாலும் ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும் உள்ள பின்பக்கத்துடன் இணைந்து வரும். அம்முன்பக்கம் படைக்கொடிப் பின்பக்கத்துடன் இணைந்திருப்பதைக் கண்டவுடன் தவறுதலாக இணைந்த அரிய கலப்பு எனக் கூறுவதுண்டு. ஆனால் கிழக்கு அக்கசாலைகள் சிலவற்றில் ஒற்றைக் கொடிப் பின்பக்கத்துடன் இவ்விணைப்பு முறையான வெளியீடாகவே வந்துள்ளது. மேற்குப் பகுதியிலோ இத்தகைய இணைப்புகள் பல போலிப்படி அடித்தோரின் கைவேலை. ஒரே இணைப்பு ஓரிடத்தில் முறையான காசாகவும் மற்றோரிடத்தில் போலியாகவும் இருக்கும்போது, அக்கசாலைக் குறி, எடை, எழுத்தமைதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர இயலும்.

ஒற்றைக் காசு சான்றாகும் நிலை

ஒரே ஒரு காசை வைத்து வரலாறு எழுதலாமா என்பதற்கு இரண்டாம் டொமிஷியானசின் காசு தெளிவான விடை தருகிறது. 1900இல் பிரான்சின் லே கிளெயோன் என்னுமிடத்தில் கிடைத்த புதையலில் இப்பெயருடைய பேரரசரின் கதிர்முடிக் காசு ஒன்று இருந்தது. வேறெங்கும் இவருக்குக் காசில்லாமையால், அது பிற்காலப் போலி என்றே அறிஞர் பலர் ஐயுற்றனர். 2003இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் சால்குரோவ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 5,000 காசுகளைக் கொண்ட மட்பாண்டம் கிடைத்தது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த அக்காசுகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பிரித்தபோது டொமிஷியானசின் இரண்டாம் காசு வெளிப்பட்டது. அது முதற்காசு அடிக்கப்பட்ட அதே முன்பக்க, பின்பக்க அச்சுகளால் அடிக்கப்பட்டிருந்தது.

இங்கே மெய்ப்பிப்பின் அமைப்பு கருதத்தக்கது. இரண்டாவது காசு கிடைத்தது என்பது மட்டும் போதாது. அது பழங்காலத்தில் புதைக்கப்பட்ட கலத்திலிருந்து எடுக்கப்பட்டமையும், முதற்காசுடன் ஒரே அச்சினதாக இருந்தமையும் சேர்ந்தே ஐயத்தை நீக்கின. முதற்காசு 19ஆம் நூற்றாண்டில் செய்த போலியாயின், அதன் அச்சில் அடித்த காசு 3ஆம் நூற்றாண்டுக் கலத்துள் இருக்க வழியில்லை. கிடைப்பிடம் பதிவாகாமல் சந்தையில் தோன்றியிருப்பின், அதே இரண்டாம் காசு முதற்காசின் மீதான ஐயத்தைப் பெருக்கியிருக்கும்.

கிடைப்பிடப் பதிவின் மதிப்பை 2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே கிடைத்த புதையலும் காட்டுகிறது. கண்டெடுத்தவர் தாமே தோண்டி எடுக்காமல் உரியோருக்கு அறிவித்ததால், ஒரே பெருங்கலத்திலிருந்த 52,503 காசுகளும் தொல்லியலாளரால் அடுக்கடுக்காக எடுக்கப்பட்டன. பிரிட்டனைத் தனியாட்சிப் பகுதியாக்கி 286 முதல் 293 வரை ஆண்ட கராசியசின் காசுகள் மட்டும் 700க்கும் மேல் இருந்தன. அவருடைய காசுகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாயிருந்த தொகுதி 1933இல் வெளிவந்தது. அத்தகைய நூலில் ‘ஒற்றைக் காசு’ என நிற்கும் பதிவு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஒரு வயலில் கிடைத்த ஒரு கலம் போதும்.

அதே கராசியசின் அரிய வெண்கலப் பதக்கம் ஒன்று, அரிதுத்தன்மை அறிவாக மாறும் வழியைக் காட்டுகிறது. அவருடைய வெள்ளிக்காசுகளில் அடிக்கோட்டின் கீழ் வரும் ‘ஆர் எஸ் ஆர்’ என்னும் எழுத்துகள் நிதி அதிகாரியின் பதவிப்பெயர்ச் சுருக்கம் என முன்பு கருதப்பட்டன. பதக்கத்திலோ ‘ஐ என் பி சி டி ஏ’ என்னும் விளங்காத எழுத்துகள் இருந்தன. இவ்விரண்டும் வெர்ஜிலின் ‘எக்லோக்ஸ்’ நூலின் நான்காம் பாடலில் அடுத்தடுத்து வரும் சொற்களின் முதலெழுத்துகள் எனக் கி டி லா பெடோயர் 1998இல் காட்டினார். கலகக்காரர் எனப்பட்ட ஆட்சியாளர் தம் ஆட்சியைப் பொற்காலத்தின் மீட்சியாக, ரோமானிய இலக்கிய மொழியிலேயே முன்வைத்தார் என்பது அதனால் தெளிவாயிற்று. பதக்கத்தின் மதிப்பு அது அரியது என்பதில் இல்லை. பல காசுகளில் கண்டும் விளங்காதிருந்த குறியை விளக்கியதில் உள்ளது.

படிப்பில் நேரும் பிழைகள்

அரிய உள்வகை எனக் கூறப்படுவனவற்றுள் பல, காசைப் படித்ததில் நேர்ந்த பிழைகள். கிழக்கு அக்கசாலைகள் பணிக்கூடங்களைக் கிரேக்க எழுத்துகளால் எண்ணின. ஆல்ஃபாவின் குறுக்குக் கோடோ டெல்டாவின் அடிக்கோடோ தேய்ந்தால் இரண்டும் லாம்ப்டாவாகத் தோன்றும். லாம்ப்டா 30ஐக் குறிக்கும் எழுத்து. முப்பது பணிக்கூடங்கள் கொண்ட அக்கசாலை இருந்ததில்லை. அவ்வாறே காமாவின் மேற்கோடு தேய்ந்தால் அயோட்டாவாகி, மூன்றாம் பணிக்கூடம் பத்தாவதாகிவிடும். முன்னது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதால் உடனே பிடிபடும். பின்னது அந்தியோக்கியா, கான்ஸ்டான்டிநோபிள் போன்ற பெரிய அக்கசாலைகளில் நடக்கக்கூடியது என்பதால் ‘புதிய உள்வகை’யாக நூலேறும் வாய்ப்புடையது.

போலிப்படிகள் மற்றொரு சிக்கல். 348இல் தொடங்கிய ‘ஃபெல் டெம்ப் ரெபராடியோ’ வரிசையில், வீழும் குதிரைவீரனை ரோமானிய வீரன் ஈட்டியால் குத்தும் வகை, குதிரைவீரன் மண்டியிடுவது, தரையில் அமர்வது, பின்னோக்கிக் கை நீட்டுவது, குதிரையின் கழுத்தைப் பற்றுவது என நான்காகப் பகுக்கப்படுகிறது. பிரிட்டனிலும் காலிலும் 350களில் இவ்வகையின் போலிப்படிகள் பெருமளவில் அடிக்கப்பட்டன. அவற்றில் வாசகம் சிதைந்தும் அக்கசாலைக் குறி பொருளற்றும் இருக்கும். அவற்றை அதிகாரப்பூர்வக் காசெனக் கொண்டால் ஒவ்வொன்றும் ‘நூலில் இல்லாத’ உள்வகையே. அண்மைக்காலத்தில் தேய்ந்த எழுத்துகளைக் கூர்கருவியால் மீளச் செதுக்கி விற்கும் பழக்கமும் இதனுடன் சேர்கிறது. செதுக்கிய இடத்தில் பாசியின் நிறமும் பரப்பின் தன்மையும் மாறுபடும். இதை நிழற்படத்தில் காண்பது அரிது. உருப்பெருக்கியின் கீழ் காசையே காண வேண்டும்.

மதுரை, கரூர்க் காசுகள்

இவ்வினாக்கள் தமிழக வரலாற்றையும் தொடுகின்றன. ராபர்ட் சிவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மதுரைப் பகுதியில் கிடைத்த பிற்காலச் செப்புக் காசுகளுக்குத் தனி முக்கியத்துவம் தந்தார். அன்றாடச் சிறுகாசு தொலைவணிகத்துக்குரியதன்று. ஆகவே அதைப் பயன்படுத்தியோர் இங்கேயே வாழ்ந்திருக்கலாம் என்பது அக்கருத்தின் போக்கு. இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் வெளியிட்ட கரூர், மதுரைப் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் பற்றிய ஆங்கில நூல் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது.

இக்காசுகளுள் பெரும்பாலானவை 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறுகாசுகள், மிகவும் தேய்ந்தவை, அகழாய்வு மண்ணடுக்கில் அல்லாமல் பெரும்பாலும் மேற்பரப்பிலும் ஆற்றுப்படுகையிலும் திரட்டப்பட்டவை. இவற்றுடன் ஒப்பிடத்தக்க காசுகள் இலங்கையில் பெருமளவில் கிடைத்துள்ளன. அங்கே ரோமானியச் சிறுகாசுகளைப் பின்பற்றி அடித்த போலிப்படிகளும் மிகுதி. எனவே வாசகம் சிதைந்த ஒரு காசை மத்தியதரைக்கடல் அக்கசாலை ஒன்றின் அரிய உள்வகை எனக் கொள்வதற்கும், தென்னாசியப் போலிப்படி எனக் கொள்வதற்கும் இடையிலான தேர்வு வெறும் பெயரிடல் அன்று. முன்னது கடல்கடந்து வந்த காசைச் சொல்கிறது. பின்னது ரோமானியக் காசின் வடிவத்தைத் தமக்குரியதாக்கிக்கொண்ட உள்ளூர்ச் சந்தையைச் சொல்கிறது. சிவெலின் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் இத்தேர்வைப் பொறுத்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஐரோப்பியச் சேகரிப்புகளை எண்ணி இட்ட அரிதுக் குறி, மதுரையில் கிடைத்த காசுக்கு எதையும் சொல்வதில்லை. அங்கே மிகப் பரவலான காசு இங்கே ஒன்றே கிடைத்தால், அது வந்த வழி குறித்த சான்றாக அதுவே முதன்மை பெறும். அங்கே ‘ஆர் 5’ ஆன பணிக்கூட எழுத்து, இங்கே அதே அக்கசாலையின் பிற காசுகள் சொல்வதற்கு மேல் எதையும் சொல்லாதிருக்கலாம்.

முடிவுரை

அரிய வகை என்னும் கூற்று ஏற்கப்படுவதற்கு ஐந்து வினாக்கள் விடை பெற வேண்டும். காசின் எழுத்தும் குறியும் ஐயமறப் படிக்கப்பட்டனவா? வேறுபாடு ஓர் அச்சுக்குரியதா, பல அச்சுகளில் தொடர்ந்து வரும் அக்கசாலை முடிவா? அது அவ்வக்கசாலையின் அக்காலக் குறி முறைமைக்கும் எடைக்கும் பொருந்துகிறதா? போலிப்படியோ பிற்காலச் செதுக்கலோ அல்ல என்பது காசை நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டதா? கிடைப்பிடம் பதிவாகியுள்ளதா? இவற்றுள் முதலும் நான்காவதும் விடை பெறாத நிலையில் மற்றவற்றுக்குச் செல்வதில் பயனில்லை.

இவ்வினாக்களுக்குப் பின்னும் ‘அரிய’ என்னும் சொல் தேவைப்படுமாயின், எந்தச் சேகரிப்புகளில், எத்தனை காசுகளுள் எத்தனை என்னும் எண்ணிக்கையோடு சேர்த்தே அதை ஆளவேண்டும். தமிழகக் காசுகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணிக்கை இங்குள்ள சேகரிப்புகளிலிருந்தே வரவேண்டும். எடை, விட்டம், அச்சு நிலை, இருபக்க நிழற்படம் ஆகியவற்றுடன் படிக்கவியலாத காசுகளையும் விடாது பதிவுசெய்யும் பட்டியலே அதற்கு முதற்படி. படிக்கவியலாத காசுகளை ஒதுக்கிவிட்டுப் படிக்க முடிந்தவற்றை மட்டும் எண்ணினால், எஞ்சியவை எல்லாம் அரியனவாகவே தோன்றும்.